துளையும் தூரமும்

கருவி குற்றமற்றது, கைதான் குற்றம் செய்கிறது என்று ஒரு கட்சி. கருவியிலேயே குற்றம் உறைந்திருக்கிறது, கை அதற்கு இரையாகிறது என்று இன்னொரு கட்சி. முதல் கட்சியில் ஆயுத வியாபாரிகளும் கர்மயோகம் பேசுகிறவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். இரண்டாவதில் காந்தியவாதிகளோடு, யந்திர நாகரிகத்தைச் சபித்துக் கவிதை எழுதிய நம்மவர்கள் பலர். இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரு குறை. கருவியைப் பிறந்தபோதே முழுமையாகிவிட்ட ஒரு வஸ்துவாக இரண்டுமே எடுத்துக்கொள்கின்றன. கருவி திருத்தப்படும், கடையப்படும், அடைக்கப்படும், நேற்றுவரை ஏற்காத ஒன்றை ஏற்கும்படியும் ஏற்றுவந்த ஒன்றை மறுக்கும்படியும் ஆக்கப்படும் என்பது விவாதத்துக்குள் வருவதே இல்லை. எனக்கு இந்த விஷயத்தில் சுவாரஸ்யம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

போல்ட் ரைபிளின் அமைப்பு எளியது. தோட்டா பின்னாலிருந்து குழலின் அறைக்குள் தள்ளப்படுகிறது. தள்ளுவது போல்ட் என்ற உருக்குத் தண்டு. அதைத் திருப்பிப் பூட்டினால் வெடிப்பின் உதை முழுவதையும் அது தாங்கிக்கொள்கிறது. வெடித்தபின் கூட்டின் விளிம்பை ஒரு சின்னக் கொக்கியால் பற்றி வெளியே இழுக்கிறது. தோட்டாவின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் போல்ட்டின் முகம் எந்த அளவு விளிம்பை ஏற்கிறதோ அந்தத் தோட்டாதான் அந்தத் துப்பாக்கிக்கு. வேறு தோட்டா வேண்டுமென்றால் போல்ட்டின் முகத்தையோ, குழலையோ, அறையையோ, சில சமயம் மூன்றையுமோ மாற்றவேண்டும். ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குகூட இதில் பெரிய தூரம். அளவு தவறினால் சுடுகிறவன் முகத்தில் வெடிக்கும்.

1962இல் சீனாவோடு போர் வந்தபோது நம் ராணுவத்தின் கையில் பெரும்பாலும் .303 லீ-என்ஃபீல்டுதான் இருந்தது. அதன்பின் கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கும் ஈஷாப்பூர் தொழிற்சாலை, அந்தப் பழைய அமைப்பையே இன்னும் வலுவான உருக்கில் செய்து, 7.62 மில்லிமீட்டர் தோட்டாவை ஏற்கும்படி ஆக்கியது. .303 தோட்டாவுக்குத் துருத்திக்கொண்டிருக்கும் விளிம்பு உண்டு, 7.62க்கு இல்லை. ஆகவே கொக்கியும் மேகஸினும் மாறின. 2ஏ என்றும், பார்வைக் குறியில் 2000 மீட்டரை 800 ஆகக் குறைத்தபின் 2ஏ1 என்றும் பெயர். இந்தத் திருத்தத்தில் தர்மசங்கடம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பழையதைப் புதியதோடு இணங்கவைக்கும் சிக்கனம். ஏழை நாட்டின் புத்திசாலித்தனம். அந்த 800 மட்டும் ஒரு நேர்மையான எண் என்று சொல்லத் தோன்றுகிறது. 2000 மீட்டரில் கண்ணுக்கு மனிதனே தெரியமாட்டான்.

அதே தொழிற்சாலையில் அதற்கு முன்பு நடந்த இன்னொரு திருத்தம் வேறு ஜாதி. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், அதே .303 லீ-என்ஃபீல்டுகளை எடுத்து, குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் திருகுவரிகளைக் கடைந்து நீக்கி, துளையை .410 அங்குலத்துக்கு அகலமாக்கினார்கள். பத்துத் தோட்டா கொள்ளும் மேகஸின் இருந்த பள்ளத்தில் ஒரு மரக்கட்டையை வைத்து அடைத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு தோட்டாவைக் கையால் வைத்துத்தான் சுடலாம். தோட்டா என்பது .303 கூடுதான், கழுத்தை ஒடுக்காமல் நேராக விட்டது. உள்ளே ஒற்றைக் குண்டோ சிறு குண்டுகளோ. ரைபிளாக வந்தது மஸ்கெட்டாகத் திரும்பிப் போயிற்று. ஏறக்குறைய நூறு வருஷத்து யந்திர ஞானத்தைப் பின்னோக்கி நடத்திய வேலை இது. இதைக் கொடுத்தது போலீஸுக்கும் சிறைக் காவலர்களுக்கும்.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. இந்தியக் காவலன் ஒருநாள் திரும்பி நின்றால் என்ன ஆவது? ராணுவக் கிடங்கிலிருந்து .303 தோட்டாக்கள் அவன் கைக்குப் போனாலும் அவை உதவா. பத்து மில்லிமீட்டருக்கு மேல் அகன்ற வழவழப்பான குழலில் 7.7 மில்லிமீட்டர் குண்டு பற்றுவதற்கு எதுவும் இல்லை. கலகம் செய்தாலும் ராணுவத்தின் எதிரில் ஒற்றைத் தோட்டாக்காரனாகத்தான் நிற்கவேண்டும்.

இது திடீரென்று தோன்றிய யோசனையும் இல்லை. 1857இன் கொழுப்புத் தடவிய தோட்டா நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். என்ஃபீல்டு 1853 மாதிரி ரைபிளுக்கான அந்தக் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடிக்கவேண்டாம், கையாலேயே கிழிக்கலாம் என்று கவாத்தை மாற்றிப் பார்த்தும் பயன் இல்லாமல் போயிற்று. மீரட்டில் தோட்டாவை வாங்க மறுத்த எண்பத்தைந்து குதிரைப்படையினரை மே 9ஆம் தேதி விலங்கிட்டார்கள், மறுநாள் கலகம். அடுத்து நடந்ததைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்வதில்லை. 1858இல் இந்தியச் சிப்பாய்களுக்கென்றே அந்த என்ஃபீல்டின் துளையை அகலமாக்கி, வரிகள் இல்லாமல் வழவழப்பாக்கிய ஒரு மஸ்கெட் வந்தது. பார்வைக்கு ரைபிள்போலவே இருக்கும். தோளில் வைத்து நின்றால் வெள்ளைச் சிப்பாய்க்கும் கறுப்புச் சிப்பாய்க்கும் அணிவகுப்பில் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் துளைக்குள் இருந்தது. பீரங்கிப் படை ஏறக்குறைய முழுவதும் ஐரோப்பியர் கைக்குப் போனது. வெள்ளைச் சிப்பாய்க்குப் புதிய துப்பாக்கி வரும்போது இந்தியச் சிப்பாய்க்கு அவன் கழித்தது என்ற வழக்கமும் நிலைபெற்றது. 1878இல் ஆயுதச் சட்டம். லிட்டன் காலம். அதே வருஷம் அதே லிட்டன்தான் நாட்டுமொழிப் பத்திரிகைச் சட்டத்தையும் கொண்டுவந்தார். ஆங்கிலப் பத்திரிகைகள் அதற்கு உட்பட்டவை அல்ல. ஆயுதச் சட்டத்திலிருந்து ஐரோப்பியர்களுக்கு விலக்கு. நம்மைப் போல நாட்டுமொழியில் சிறுபத்திரிகை நடத்துகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஹைடெக்கரின் சுத்தியல் பற்றி நம் வட்டத்தில் நிறையப் பேசியிருக்கிறோம். வேலை நடந்துகொண்டிருக்கும்வரை சுத்தியல் கண்ணில் படுவதில்லை. உடைந்தால்தான் சுத்தியலாக எதிரே வந்து நிற்கிறது. ஈஷாப்பூர் மஸ்கெட்டை இதில் எங்கே வைப்பது? அது உடைந்த கருவி இல்லை. அதற்கு விதித்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஆனாலும் கையில் எடுத்தவனுக்கு அந்த மரக்கட்டை தெரிந்துகொண்டே இருக்கும். புதிதாகச் செய்த பொருளில் செய்தவனின் நோக்கம் பொருளுக்குள் கரைந்துவிடுகிறது. இது ஏன் இப்படி இருக்கிறது என்றால் இப்படித்தான் செய்யமுடியும் என்று பதில் சொல்லிவிடலாம். திருத்திய பொருளில் அந்தப் பதில் செல்லாது. இங்கே ஒன்று இருந்தது, அதை எடுத்திருக்கிறார்கள். பத்து இருந்த இடத்தில் ஒன்று. எடுத்தவன் மனசு அந்தப் பள்ளத்தில் அச்சடித்த மாதிரி இருக்கிறது. நான் உன்னை இந்த அளவுதான் நம்புகிறேன் என்று துப்பாக்கியே தன்னைத் தூக்குகிறவனிடம் தினமும் சொல்கிறது.

நம்பாதவன் ஏன் ஆயுதமே கொடுக்கவேண்டும்? பிடுங்கிக்கொண்டு ஒரு லத்தியைக் கொடுத்திருக்கலாமே? இந்தக் கேள்வியில்தான் விஷயத்தின் முள் இருக்கிறது. துளையை அகலமாக்கியதால் துப்பாக்கியின் வன்மை போய்விடவில்லை, தூரம்தான் போயிற்று. கிட்டத்தில் நிற்கிறவனை அது கொல்லும். .410 மஸ்கெட்டின் எட்டும் தூரத்துக்குள் யார் இருந்தார்கள்? ஆங்கிலேய ரெஜிமென்ட் இல்லை. சந்தையில் கூடியவன், ஊர்வலத்தில் வந்தவன், சிறைக்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவன். காவலனின் பக்கத்து வீட்டுக்காரனாக இருக்கக்கூடியவன், அவன் பாஷை பேசுகிறவன். எஜமானனை எட்டாது, அண்டை அயலானை எட்டும் என்ற அளவுக்கு அந்தத் துப்பாக்கியைக் கடைந்து வைத்திருந்தார்கள். ஆயுதத்தைப் பறிப்பதைவிட நுட்பமான காரியம் இது. பறிகொடுத்தவனுக்குத் தான் அடிமை என்பதாவது தெரியும். இந்தக் கான்ஸ்டபிளுக்குத் தோளில் துப்பாக்கி இருக்கிறது, சட்டையில் பித்தளைப் பொத்தான் இருக்கிறது, எதிரே ஜனங்கள் பயந்து விலகுகிறார்கள்.

இங்கே ஆர்வெலை இழுக்காமல் முடியாது. அவர் 1922லிருந்து 1927வரை பர்மாவில் இதே சாம்ராஜ்யத்தின் போலீஸ் அதிகாரி. யானையைச் சுட்டது பற்றிய கட்டுரையை (1936) வாசிக்காதவர்கள் இதைப் படிப்பவர்களில் இருக்கமாட்டார்கள். கூட்டம் எதிர்பார்த்தது, நான் சுட்டேன், வெள்ளைக்காரன் கொடுங்கோலனாகும்போது அழிவது அவனுடைய சுதந்திரமே என்பது அதன் சாரமாகச் சொல்லப்படுவது. எல்லோரும் கூட்டத்தின் பார்வையையே கவனித்தார்கள். துப்பாக்கி மாறிய இடத்தை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. முதலில் அவர் எடுத்துப்போவது ஒரு பழைய .44 வின்செஸ்டர், அதனால் யானை சாகாது, சத்தம் பயமுறுத்த உதவலாம், அவ்வளவுதான். பிறகு சேற்றில் மிதிபட்டுக் கிடக்கும் கூலியாளின் உடலைப் பார்த்ததும் ஆளனுப்பி நண்பர் வீட்டிலிருந்து யானைத் துப்பாக்கியை வரவழைக்கிறார். அதோடு ஐந்து தோட்டாக்களும் வருகின்றன. கூட்டம் திரள்வது அதற்குப் பிறகுதான். வின்செஸ்டரோடு போயிருந்தால் அவர் சுடமுடியாதவர். சுடமுடியாதவரிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கமாட்டார்கள். பெரிய தோட்டா கைக்கு வந்ததும் சுடாமலிருப்பதற்குக் காரணம் சொல்லவேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். தற்காப்புக்காகத்தான் வரவழைத்தேன் என்று சொல்லிக்கொள்கிறார், உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தன் தீர்மானத்தில் பாதியை அவர் ஆளனுப்பியபோதே எடுத்தாகிவிட்டது. கட்டுரையின் மேதைமை இந்த விவரத்தை மறைக்காமல் வைத்திருப்பதில் இருக்கிறது. அதன் முடிவுரைகளைவிட அந்த ஐந்து தோட்டாக்கள் எனக்கு முக்கியம்.

அதே ஆர்வெல் 1945 அக்டோபரில் அணுகுண்டைப் பற்றி எழுதும்போது வேறொரு கணக்குப் போடுகிறார். ஆதிக்கம் செலுத்தும் ஆயுதம் விலை அதிகமாகவும் செய்யக் கடினமாகவும் இருந்தால் கொடுங்கோல். மலிவாக, எளிதாக இருந்தால் சாமானியனுக்கு ஒரு சந்தர்ப்பம். டாங்கி கொடுங்கோலின் ஆயுதம், ரைபிள் ஜனநாயகத்தின் ஆயுதம். நேர்த்தியான சூத்திரம். ஆனால் ரைபிளை ரைபிளாகவே விட்டுவைப்பார்கள் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. ஈஷாப்பூரில் செய்தது ஜனநாயகத்தின் ஆயுதத்தை எடுத்து, அதிலிருந்து ஜனநாயகத்தை மட்டும் கடைந்து எடுத்த வேலை. மலிவும் எளிமையும் அப்படியே இருந்தன.

இதற்கு எதிராக வலுவான ஒரு வாதம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரைக்கு மதிப்பில்லை. 1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக். டயர் கூட்டிவந்த தொண்ணூறு பேரில் ஐம்பது பேரிடம் .303 ரைபிள்கள். சுமார் பத்து நிமிஷம், 1650 தோட்டாக்கள், அரசாங்கக் கணக்கிலேயே 379 சாவு. அந்த ஐம்பது பேர் கையிலும் மரக்கட்டை அடைத்த மஸ்கெட் இருந்திருந்தால்? ஒவ்வொரு தோட்டாவையும் பையிலிருந்து எடுத்து, வைத்து, பூட்டி, சுடவேண்டும். தூரத்துச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தவன் பிழைத்திருக்கலாம். சுடுகிறவனுக்கே ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவில் நிமிர்ந்து பார்க்கக் கொஞ்சம் அவகாசம் கிடைத்திருக்கும். அப்படியானால் கூட்டத்தின் எதிரில் நிற்பவன் கையில் குறைபட்ட ஆயுதம் இருப்பது நல்லதுதானே? குறைத்தவனின் நோக்கம் எதுவாயிருந்தால் என்ன, பிழைத்தவன் பிழைத்தான் அல்லவா?

பிழைத்தவனுடைய இடத்திலிருந்து பார்த்தால் இதற்குப் பதில் இல்லை. நோக்கத்தின் தூய்மையைப் பேசுவது, சுவர் ஏறிக்கொண்டிருப்பவனுக்கு முன்னால் ஆபாசம். இதை ஒப்புக்கொண்டுதான் மேலே போகவேண்டும்.

மேலே போனால் தெரிவது இது: கையில் வைத்திருப்பவன் மேலுள்ள பயத்தால் விதித்த அளவு, அந்தப் பயம் போனதும் போய்விடும். 1947க்குப் பிறகு ஆளுகிறவர்களுக்குக் காவலன் துரோகியாவான் என்ற சந்தேகம் இல்லை. நம் போலீஸ் தலைமுறை தலைமுறையாக .303ஐத் தூக்கித் திரிந்தது. உத்தரப்பிரதேசத்தில் 2020 குடியரசு தினத்தில்தான் அதற்கு விடைகொடுத்தார்கள். சுதந்திர நாட்டின் காவலனுக்கு முழு ரைபிள் என்பது ஒரு மரியாதை மாதிரித் தோன்றியிருக்கும். தூரம் திரும்பக் கிடைத்தது. ஆனால் அவனுக்கு எதிரில் நின்றவர்கள் மாறவில்லை, அதே சந்தைக்காரன், அதே ஊர்வலக்காரன். அவனுக்காக விதித்த அளவு எப்போதுமே இருக்கவில்லை என்பதால், அதை நீக்கியபோது அவனைக் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு அவனுக்காகவே விதித்ததாகச் சொல்லிக்கொள்ளும் அளவும் வந்தது. காஷ்மீரில் 2010லிருந்து கூட்டங்களின் மேல் உபயோகித்த பெல்லட் துப்பாக்கிகள். உயிரைக் கொல்லாது, ஆகவே கருணை என்பது தர்க்கம். 2016இல் நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கண்ணில் காயம், பலருக்குப் பார்வை போயிற்று. சின்னப் பிள்ளைகள்கூட அதில் உண்டு. கொல்லாத துப்பாக்கி என்ற பெயரே விசையை இலகுவாக்கிவிடுகிறது. ரைபிளை உயர்த்துவதற்கு முன் ஒருவன் தயங்கும் இடத்தில் இதை உயர்த்துகிறவன் தயங்குவதில்லை. அளவைத் துளைக்குள் வைத்துவிட்டதால் மனசுக்குள் வைக்கவேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது.

அப்படியென்றால் கருவிக்குள் அவநம்பிக்கையைப் பொருத்துவது எப்போதுமே இழிவா? அப்படிச் சொல்ல எனக்கு வாயில்லை. நான் பிழைப்பது அப்படியொரு கருவியைத் திறந்து மூடித்தான். பாங்க்கின் பணப்பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று காசாளரிடம், ஒன்று அதிகாரியிடம். ஒற்றைச் சாவியால் அது திறக்காது. தினமும் காலையில் இரண்டு பேரும் சேர்ந்து நின்று திறக்கிறோம். இதில் என்னை யாரும் அவமதித்ததாக நான் நினைத்ததில்லை. என் சாவியில்லாமல் அவரும் திறக்கமுடியாது என்பதுதான் காரணம். பூட்டு எங்கள் இருவரையும் சம அளவில் நம்ப மறுக்கிறது. அதனாலேயே நாங்கள் ஒருவரோடொருவர் சகஜமாகப் பேசிக்கொள்ள முடிகிறது. ஈஷாப்பூர் மஸ்கெட்டில் ஒரே ஒரு சாவி. மஸ்கெட்காரனை அளந்தவனை அளக்க அங்கே ஒன்றும் இல்லை.

வேறு மாதிரியான ஒரு திருத்தத்தையும் பார்த்துவிடவேண்டும், இல்லையென்றால் கருவிக்கு ஞாபகம் உண்டு என்று நான் சொல்வதாக ஆகிவிடும். 1948இல் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து இஸ்ரேலுக்குப் போன துப்பாக்கிகளில் மவுஸர் 98கே ரைபிள்கள் நிறைய. ஹிட்லரின் ராணுவத்துக்காகச் செய்தவை அவற்றில் பல. கழுகும் ஸ்வஸ்திகமும் குத்தியவை. முகாம்களிலிருந்து தப்பி வந்தவர்கள் கையில் அந்தத் துப்பாக்கி. பின்னர் 1950களில் அவற்றின் குழலை மாற்றி 7.62 மில்லிமீட்டர் தோட்டாவை ஏற்கும்படி ஆக்கினார்கள், கட்டையில் 7.62 என்ற எண்ணைச் சுட்டுப் பதித்தார்கள். சிலவற்றில் பழைய முத்திரையை அழித்தார்கள், சிலவற்றில் அதன் மேலேயே தாவீதின் நட்சத்திரத்தைக் குத்தினார்கள், சிலவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள். போல்ட்டின் முகத்தைத் தொடவேண்டிய அவசியமே வரவில்லை. ஜெர்மன் 7.92 தோட்டாவுக்கும் புதிய 7.62க்கும் பின்புற அளவு ஏறக்குறைய ஒன்றே. அது தற்செயல் இல்லை. 7.62க்கு மூதாதை அமெரிக்காவின் .30-06, அதன் அடிப்பகுதியின் அளவு மவுஸரிலிருந்து வந்தது. ஜென்ம விரோதிகளின் தோட்டாக்கள் உறவுக்காரர்கள்.

இதைப் படிக்கிற சிலருக்கு இதில் கவித்துவ நியாயம் தென்படலாம். எனக்குத் தென்படவில்லை. அதே 1948இல் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். துப்பாக்கி முந்தைய சொந்தக்காரனின் பாவத்தையும் கொண்டுவரவில்லை, பிந்தைய சொந்தக்காரனின் துயரத்தையும் கற்றுக்கொள்ளவில்லை. ஸிமோன் வெய்ல் 1940இல் இலியாது பற்றி எழுதியபோது பலம் என்பது யாருடைய உடைமையும் இல்லை, வைத்திருப்பதாக நினைப்பவனையும் அது ஜடமாக்கிவிடும் என்ற அர்த்தத்தில் வாதித்தார். அந்த மவுஸர்கள் அவருக்குச் சாட்சி சொல்லலாம். ஈஷாப்பூர் மஸ்கெட் அப்படிச் சொல்லாது. மவுஸரை மாற்றியபோது அதைத் தூக்கப்போகிறவனைப் பற்றி ஒரு தீர்ப்பும் அதில் எழுதப்படவில்லை. மாற்றியவனும் தூக்கியவனும் ஒரே தரப்பு. ஈஷாப்பூரில் மாற்றியவன் ஒரு தரப்பு, தூக்கியவன் வேறு தரப்பு, சுடப்பட்டவன் மூன்றாம் தரப்பு. பலத்தைப் பற்றி வெய்ல் சொன்னதில் இந்த மூவரைப் பிரித்துக் காட்ட இடமில்லை என்பதே அந்தப் பெரிய கட்டுரையோடு எனக்குள்ள பிணக்கு. டிராய் மதிலுக்கு வெளியே யாரும் யாருக்கும் ஈட்டியைக் கூர்மழுக்கிக் கொடுக்கவில்லை.

நான்காவதாக ஒருவன் உண்டு. கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்ற ஈஷாப்பூர்த் தொழிலாளி. அவனும் வங்காளத்தில் கூலிக்காரன்தான். ரைபிளின் வரிகளை உருக்கில் இழைப்பது கடுமையான வேலை. இழைத்ததை நீக்குவது அதைவிடச் சுலபம் என்று நினைக்கக்கூடாது, துளை ஒரே சீராக வரவேண்டும். அவன் தன் வேலையை நன்றாகச் செய்தான் என்பதற்கு இன்றுவரை வெடிக்கும் அந்தத் துப்பாக்கிகளே அத்தாட்சி. நன்றாகச் செய்தது அவன் தவறா? அளவுகோலோடு நின்றவனுக்கு அந்த அளவின் அர்த்தம் தெரிந்திருக்கவேண்டும் என்று வற்புறுத்தினால் நம்மில் யாரும், சம்பளப் பட்டியலை எழுதுகிறவன் உட்பட, தப்பமாட்டோம். தெரிந்திருக்கவேண்டியதில்லை என்று விட்டுவிட்டால் உலகத்தில் எந்த அளவுக்கும் யாரும் பொறுப்பில்லை. மரக்கட்டையை அந்தப் பள்ளத்தில் பொருத்தியபோது இது எதற்கு என்று அவன் ஒருமுறையாவது பக்கத்தில் நின்றவனைக் கேட்டிருப்பான் என்று நம்ப விரும்புகிறேன். பதில் கிடைத்திருக்குமா என்பது வேறு.

மிச்சமிருந்த அந்த மஸ்கெட்டுகளில் ஒரு பகுதி கழிவுச் சரக்காக அமெரிக்காவுக்குப் போயிற்று. அங்கே .410 என்பது அணிலும் முயலும் சுடுவதற்கான சாதாரணச் சிறு ஷாட்கன் அளவு. கடைகளில் கிடைக்கும் அந்தத் தோட்டாவை ஏற்கும்படி பல துப்பாக்கிகளின் அறையை இன்னொரு முறை கடைந்து விற்றிருக்கிறார்கள். விளிம்பு ஏறக்குறைய அதே அளவு என்பதால் போல்ட்டை இந்த முறையும் மாற்றவேண்டியிருக்கவில்லை. மரக்கட்டையைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார்கள்.